உழைப்புக்கு உருவம் தந்த சிற்பி

முன்னுரை

ஒரு நகரத்தின் வீதிகளில் நிற்கும் சிலைகளைக் கண்டாலே, அந்நகரத்து மக்கள் யாரைப் போற்றினார்கள் என்பது புலப்பட்டுவிடும். ஏட்டில் எழுதியதைப் படித்தவர் மட்டுமே அறிவர். ஓவியக் கூடத்தில் மாட்டிய படத்தை அங்குச் சென்றவர் மட்டுமே காண்பர். ஆனால் திறந்த வெளியில் நிற்கும் சிலையோ, புத்தகப் பை சுமக்கும் பிள்ளைக்கும் மூட்டை சுமக்கும் தொழிலாளிக்கும் ஒன்றுபோலவே காட்சி தரும். அதற்குக் கட்டணமும் இல்லை, கதவும் இல்லை. ஆகவே வீதியில் யாருக்குச் சிலை எடுப்பது என்பது சிறிய கேள்வியன்று.

சென்னை மாநகரில் நெடுங்காலம் வரை சிலை என்றால் ஆட்சி செய்தவர்களின் சிலை என்றே பொருள். தீவுத்திடலருகே குதிரைமீது கம்பீரமாக அமர்ந்திருக்கும் கவர்னர் சர் தாமஸ் மன்றோவின் சிலை இதற்குச் சான்றாகும். இங்கிலாந்து நாட்டுச் சிற்பி பிரான்சிஸ் சாண்ட்ரி வடித்த அச்சிலை 1839 ஆம் ஆண்டு நிறுவப்பெற்றது. அதன்பின் சரியாக 120 ஆண்டுகள் கழித்து, 1959 இல், மெரினாக் கடற்கரையில் வேறொரு சிலை எழுந்தது. அதில் குதிரை இல்லை, உடைவாள் இல்லை, பட்டாடை இல்லை. பெயர் தெரியாத நான்கு கூலித் தொழிலாளர்கள் ஒரு பெரும்பாறையை நகர்த்திக்கொண்டிருக்கிறார்கள். அதுவே உழைப்பாளர் சிலை.

அச்சிலையை அறியாதவர் தமிழ்நாட்டில் மிகச் சிலரே. ஆனால் அதை வடித்தவர் யார் என்று கேட்டால் விடை சொல்வோரும் மிகச் சிலரே. அந்தப் பெருமகனார் தேவி பிரசாத் ராய் சௌத்ரி ஆவார். அன்னாரின் வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பிறப்பும் கல்வியும்

ராய் சௌத்ரி 1899 ஆம் ஆண்டு ஜூன் 15 ஆம் நாள், அன்றைய வங்காளத்தின் ரங்கப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த தாஜ்ஹாட் என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூர் இன்று வங்காளதேச நாட்டில் உள்ளது. அவர் பிறந்தது ஜமீன்தார் குடும்பம். வேண்டிய அனைத்தும் இருந்த இடத்திலேயே கிடைக்கக்கூடிய வாழ்க்கை அவருக்கு வாய்த்திருந்தது. ஆயினும் அவர் மனம் நாடியது வண்ணத்தையும் களிமண்ணையுமே.

ஓவியக் கலையை அவர் அவனீந்திரநாத தாகூரிடம் கற்றார். இந்திய மரபிலேயே ஓவியம் தீட்ட வேண்டும் என்று வங்காளத்தில் ஒரு புதிய நெறியைத் தோற்றுவித்தவர் அவனீந்திரநாதர். சிற்பக் கலையை ஹிரண்மய் ராய் சௌத்ரியிடம் பயின்றார். மேலை நாட்டுச் சிற்ப முறையும் அவரை ஈர்த்தது. குறிப்பாகப் பிரெஞ்சுச் சிற்பி ரோதேனின் படைப்புகளின் சாயலை இவருடைய சிலைகளில் காணலாம். வழவழப்பாகத் தேய்த்து மெருகேற்றாமல், சிற்பியின் விரல் பதிந்த தடம் தெரியும்படி விட்டுவிடுவது அம்முறையின் தனித்தன்மையாகும்.

ராய் சௌத்ரி வெறும் கலைஞர் மட்டுமல்லர். மற்போர் பழகியவர், வேட்டையில் வல்லவர், புல்லாங்குழல் இசைப்பவர், வங்க மொழியில் சிறுகதைகளும் எழுதியவர். மல்லர்களோடு பழகிய கண்ணுக்குத்தான் மனித உடலின் தசைநார்கள் எப்போது முறுக்கேறும், எப்போது தளரும் என்பது தெரியும். பின்னாளில் அவர் வடித்த உழைப்பாளிகளின் முதுகையும் தோளையும் காணும்போது இவ்வுண்மையை நாம் உணரலாம்.

சென்னைக்கு வருகை

சென்னை எழும்பூர்ப் பகுதியில், பூந்தமல்லி நெடுஞ்சாலையில், பழமை வாய்ந்த ஓவியப் பள்ளி ஒன்று உண்டு. அதனை 1850 ஆம் ஆண்டு அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கினார். பின்னர் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. இன்று அது அரசு கவின் கலைக் கல்லூரி என வழங்குகிறது. ஏறத்தாழ எண்பது ஆண்டுக் காலம் அதன் தலைமைப் பொறுப்பில் வெளிநாட்டவர்களே இருந்துவந்தனர்.

1929 ஆம் ஆண்டு அப்பொறுப்பு முப்பது வயது இளைஞரான ராய் சௌத்ரியிடம் வந்து சேர்ந்தது. அப்பள்ளியின் தலைமையை ஏற்ற முதல் இந்தியர் அவரே. நாடு விடுதலை பெறுவதற்கு 18 ஆண்டுகளுக்கு முன்னரே இது நிகழ்ந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். வங்கத்தில் பிறந்த அவர் சென்னையைத் தம் சொந்த ஊராகவே ஆக்கிக்கொண்டார். 1957 வரை, 28 ஆண்டுகள், அப்பள்ளியை வழிநடத்தினார்.

அதுவரை அங்கு மரச்செதுக்கு, உலோக வேலை முதலிய கைத்தொழில்களுக்கே முதலிடம் இருந்தது. ராய் சௌத்ரி அவற்றோடு ஓவியத்தையும் சிற்பத்தையும் உயர்கலைகளாக வளர்த்தார். ஆசானின் கைவண்ணத்தைப் பார்த்து அப்படியே எழுதும் பழக்கத்தை விடுத்து, உயிருள்ள மனிதரைக் கண்முன் நிறுத்திப் பார்த்து வரையப் பழக்கினார்.

நல்ல மரத்தை அதன் கனியால் அறியலாம். அவரிடம் பயின்ற மாணவர்களைப் பார்த்தால் அவர் எத்தகைய ஆசிரியர் என்பது விளங்கும். தந்தித் துறை வேலையை விட்டுவிட்டு ஓவியம் கற்க வந்த கே.சி.எஸ். பணிக்கர் அவர்களுள் ஒருவர். அவரே பின்னாளில் அப்பள்ளியின் முதல்வராகி, 1966 இல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கினார். சிற்பி எஸ். தனபால் மற்றொருவர். அவரும் பின்னர் அக்கல்லூரியின் முதல்வரானார். வங்கத்திலிருந்து அவரைத் தேடி வந்து பயின்ற பரிதோஷ் சென், பிரதோஷ் தாஸ்குப்தா ஆகியோரும் புகழ்பெற்ற கலைஞர்களாயினர். ஒரு விளக்கிலிருந்து பல விளக்குகள் ஏற்றப்பட்டன எனலாம்.

துன்பத்தைக் கண்ட கண்

1937 ஆம் ஆண்டு ஆங்கில அரசு ராய் சௌத்ரிக்கு எம்.பி.இ. என்னும் பட்டத்தை வழங்கியது. கல்கத்தாவில் சர் அசுதோஷ் முகர்ஜி, சுரேந்திரநாத் பானர்ஜி ஆகிய பெரியோர்களின் சிலைகளை அவர் செய்து புகழ் பெற்றார். பெரிய மனிதர்களின் உருவங்களை மட்டுமே செய்துகொண்டு, பட்டமும் பணமும் பெற்று வாழ்ந்திருக்க அவரால் முடியும். ஆனால் அவருடைய கண்கள் மாளிகைகளோடு நின்றுவிடவில்லை.

1936 ஆம் ஆண்டு நவம்பர் 12 ஆம் நாள், திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள், தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் கோவில்களின் கதவைத் திறந்துவிட்டார். அந்நிகழ்ச்சியை ராய் சௌத்ரி வெண்கலத்தில் வடித்தார். 1943 இல் வங்காளத்தில் கொடிய பஞ்சம் வந்து இலட்சக்கணக்கான மக்கள் மாண்டனர். பசியால் எலும்பும் தோலுமான மனிதரின் உருவத்தையும் அவர் வெண்கலத்தில் நிலைநிறுத்தினார். அழகானதைச் செய்வது மட்டுமே கலை என்று அவர் எண்ணவில்லை. மக்கள் மறந்துவிடக் கூடாததைச் செய்வதும் கலையே என்று அவர் எண்ணினார் போலும்!

நம் வயது மாணவர்களின் சிலை

மாணவியராகிய நம் உள்ளத்தை உருக்கும் படைப்பு ஒன்று பாட்னா நகரில் உள்ளது. 1942 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11 ஆம் நாள், வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது, பாட்னா தலைமைச் செயலகத்தில் தேசியக் கொடியை ஏற்றச் சென்ற மாணவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஏழு மாணவர்கள் உயிர் துறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் படித்துக்கொண்டிருந்தவர்கள். இதை எழுதும் நாங்களும் பத்தாம் வகுப்பில் பயில்பவர்கள் என்பதால், இச்செய்தி எங்களைச் சிறிது நேரம் பேச்சற்றவர்களாக்கியது.

நாடு விடுதலை பெற்ற அதே 1947 ஆகஸ்ட் 15 அன்று அவர்களுக்கான நினைவுச் சின்னத்திற்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. சிலையை வடிக்கும் பொறுப்பு ராய் சௌத்ரிக்குக் கிடைத்தது. ஏழு இளைஞர்கள் கொடியோடு முன்னேறுகிறார்கள். சிலர் சாய்கிறார்கள், சிலர் விழுந்துகிடக்கிறார்கள், கொடி மட்டும் சாயவில்லை. 1956 ஆம் ஆண்டு அக்டோபரில் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் இதனைத் திறந்து வைத்தார். ஆங்கில அரசின் பட்டம் பெற்ற அதே கைகள், அவ்வரசின் குண்டுக்குப் பலியான பிள்ளைகளுக்கு நினைவுச் சின்னம் எழுப்பின.

உழைப்பாளர் சிலை

இனி மெரினாவுக்கு வருவோம். தொழிலாளர் வரலாற்றில் சென்னைக் கடற்கரைக்குத் தனியிடம் உண்டு. 1923 ஆம் ஆண்டு மே முதல் நாள், இந்தியாவிலேயே முதன்முறையாக மே தினத்தைக் கொண்டாடியவர் சென்னையைச் சேர்ந்த சிங்காரவேலர். அக்கூட்டங்களுள் ஒன்று நடந்த இடம் திருவல்லிக்கேணிக் கடற்கரையே. அதே கடற்கரையில், காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், உழைப்பாளருக்குச் சிலை எழுந்தது மிகப் பொருத்தமன்றோ!

சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு எதிரே, 1959 ஆம் ஆண்டு ஜனவரி 25 ஆம் நாள், குடியரசு நாளுக்கு முந்திய தினத்தில், அச்சிலை நிறுவப்பெற்றது. மெரினாவில் நிறுவப்பெற்ற முதற்சிலைகளுள் அது ஒன்றாகும்.

அச்சிலையைச் சற்று நின்று கவனித்துப் பார்த்தால் பல உண்மைகள் விளங்கும். நான்கு பேரும் ஒரே திசையில் தம் வலிமையைச் செலுத்துகிறார்கள். ஒருவர் கையை எடுத்தாலும் பாறை அசையாது. யார் தலைவர், யார் தொண்டர் என்று சொல்ல இயலாது. அவர்கள் நம்மைத் திரும்பிப் பார்ப்பதில்லை. மற்றச் சிலைகள் பார்ப்போரை நோக்கி நிற்கும். இவர்களுக்கோ நிற்க நேரமில்லை. அவர்கள் பார்வையெல்லாம் பாறைமீதே. வேலை இன்னும் முடியவில்லை.

இச்சிலைக்கு மாதிரியாக நின்றவர்கள் மன்னர்களோ நடிகர்களோ அல்லர். ஓவியப் பள்ளியின் காவலாளி ஒருவரும் மாணவர் ஒருவரும் மாதிரியாக நின்றனர் என்பர். நாள்தோறும் வாயிலில் நிற்பவரைக் கடந்து செல்வோர் பலர்; அவருள் ஒரு சிலையைக் கண்டவர் ஒருவரே.

உலகின் பிற நாடுகளிலும் இவ்வெண்ணம் தோன்றியதுண்டு. பெல்ஜியம் நாட்டுச் சிற்பி கான்ஸ்டன்டின் மூனியே சுரங்கத் தொழிலாளர்களையும் துறைமுகத் தொழிலாளர்களையும் வெண்கலத்தில் வடித்தார். உழைப்பின் நினைவாக அவர் உருவாக்கிய படைப்புகள், அவர் மறைவுக்குப் பின் 1930 இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் நிறுவப்பெற்றன. 1955 இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். மெரினாச் சிலை எழுந்தது அதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின்னராகும். தச்சுப் பட்டறையில் உழைத்தவரைத் திருச்சபை போற்றிய காலமும், பாறை நகர்த்துபவரைத் தமிழகம் போற்றிய காலமும் ஏறக்குறைய ஒன்றே.

வெண்கலச் சிலை உருவாகும் விதம்

இத்தகைய பெரிய சிலை எவ்வாறு உருவாகிறது என்பதை அறிந்தால் நாம் வியப்போம். முதலில் இரும்புக் கம்பிகளால் எலும்புக்கூடு போன்ற சட்டம் ஒன்றை அமைப்பர். அதன்மேல் களிமண்ணை அப்பி அப்பி உருவம் கொண்டுவருவர். சிற்பியின் கலைத்திறன் முழுவதும் இங்குதான் வெளிப்படும். களிமண் உலர்ந்தால் வெடித்துவிடும். ஆகவே ஈரத்துணியால் போர்த்திப் பல மாதங்கள் காப்பர். உருவம் நிறைவடைந்ததும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கொண்டு அச்சு எடுப்பர். பின்னர் மெழுகால் ஒரு படி செய்து, அதனைச் சுற்றி வெப்பம் தாங்கும் மண்ணைப் பூசிச் சூடேற்றுவர். மெழுகு உருகி வெளியேறும். அந்த இடைவெளியில், செம்பும் வெள்ளீயமும் கலந்து காய்ச்சிய வெண்கலக் குழம்பை ஊற்றுவர். ஆறிய பின் துண்டுகளை இணைத்துச் செப்பனிடுவர்.

நம் சுவாமிமலைச் சிற்பிகளும் மெழுகை உருக்கி வார்க்கும் இந்நுட்பத்தைச் சோழர் காலந்தொட்டுக் கையாண்டு வருகின்றனர். அவர்கள் மெழுகிலேயே உருவத்தை நேரடியாகச் செய்வதால் ஓர் அச்சில் ஒரு சிலையே கிடைக்கும்.

கம்பி வளைத்தவர், மண் பிசைந்தவர், உலை ஊதியவர், தூக்கி நிறுத்தியவர் என எத்தனையோ பேர் கைகூடினால்தான் ஒரு சிலை எழும். உழைப்பாளர் சிலையே உழைப்பாளர் பலரின் உழைப்பால் ஆனதுதான்!

பிற்காலமும் புகழும்

1954 இல் லலித் கலா அகாதெமி தொடங்கப்பெற்றபோது அதன் முதல் தலைவராக ராய் சௌத்ரி பொறுப்பேற்றார். 1958 இல் இந்திய அரசு பத்மபூஷண் விருது அளித்துப் பெருமைப்படுத்தியது. மெரினாவில் கோலூன்றி நடக்கும் காந்தியடிகளின் சிலையும் அன்னார் வடித்ததே. அது உழைப்பாளர் சிலை நிறுவப்பெற்ற அதே 1959 ஆம் ஆண்டில் பிரதமர் நேருவால் திறந்து வைக்கப்பெற்றது.

அதன்பின் மெரினா ஒரு திறந்தவெளிச் சிற்பக்கூடமாகவே மாறியது. 1968 இல் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது, முதலமைச்சர் அண்ணாவின் அரசு திருவள்ளுவர், ஔவையார், கம்பர், கண்ணகி, பாரதியார், பாரதிதாசன் முதலியோரின் சிலைகளை அங்கு நிறுவியது. இத்தாலியிலிருந்து வந்து தமிழுக்குத் தேம்பாவணி தந்த நம் வீரமாமுனிவரும் அவ்வரிசையில் நிற்கிறார்.

ராய் சௌத்ரி தம் இறுதிக் காலத்தில் ஈடுபட்டிருந்த பெரும்பணி, காந்தியடிகளின் தண்டி யாத்திரைச் சிற்பமாகும். காந்தியடிகள் முன்னே நடக்க, ஆண்களும் பெண்களுமாகப் பத்துப் பேர் பின்தொடர்கின்றனர். அப்பணி முழுமை பெறுமுன் 1975 அக்டோபர் 15 அன்று, தம் 76 ஆம் வயதில், அவர் இயற்கை எய்தினார். பிறர் அதனை நிறைவு செய்ய, பின்னர் புதுதில்லியில் அது நிறுவப்பெற்றது. பதினொரு உருவங்கள் கொண்டதால் மக்கள் அதனைப் பதினொரு சிலை என்றே இந்தியில் அழைக்கின்றனர். அச்சிற்பம் இருக்கும் இடத்தில் வந்து சேரும் சாலைகளுள் ஒன்றின் பெயர் அன்னை தெரேசா சாலை என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

நம் பெற்றோர்கள் அனைவரும் அச்சிற்பத்தைக் கையில் ஏந்தியவர்களே! 2016 நவம்பரில் செல்லாது என அறிவிக்கப்பட்ட பழைய ஐந்நூறு ரூபாய்த் தாளின் பின்புறத்தில் இருந்த படம் அதுதான். கோடிக்கணக்கான கைகளில் தவழ்ந்த படைப்பின் ஆசிரியர் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்?

நாம் பெறும் பாடம்

உழைப்பாளர் சிலை எழுந்த 1959 இல் நம் பள்ளிப்பட்டு தமிழகத்தில் இல்லை. ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1960 ஏப்ரல் முதல் நாளில்தான் திருத்தணியோடு சேர்ந்து தமிழகத்திற்கு வந்தது. மாநிலம் எதுவாயினும் நம் ஊர் உழைப்பாளிகளின் ஊரே. விசைத்தறி ஓட்டுபவரும், தார் சுற்றுபவரும், கரும்பு வெட்டுபவரும், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் செல்பவரும் நம் வீடுகளில் உள்ளவர்களே. அப்படியிருந்தும், பள்ளிப் படிவத்தில் தந்தையின் தொழில் என்னும் இடத்தில் கூலி என்று எழுத நம்முள் சிலர் கூசுகிறோம். அக்கூலிக்குத்தான் தமிழகத்தின் தலைநகரில், கடல் பார்த்த மேடைமீது, வெண்கலச் சிலை இருக்கிறது. கூசுவதற்கு அங்கு என்ன இருக்கிறது?

மேலும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. உழைப்பாளர் சிலையில் உள்ள நால்வரும் ஆண்கள். கல் சுமக்கும் தாய்க்கும், இரவு பத்து மணி வரை தார் சுற்றிவிட்டு விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டும் அன்னைக்கும் அதில் இடமில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. தண்டி யாத்திரைச் சிற்பத்தில் பெண்களையும் நடக்க வைத்தவர் அதே சிற்பிதான். ஒரு தலைமுறை நால்வரைச் செய்தது. அடுத்த தலைமுறை ஐந்தாவதாக ஒருத்தியைச் செய்யட்டும். அவ்வாறு களிமண் பிசையும் கை நம் பள்ளி மாணவி ஒருத்தியின் கையாக ஏன் இருக்கக் கூடாது? அன்று ராய் சௌத்ரி தலைமை ஏற்றிருந்த கல்லூரி இன்றும் இயங்குகிறது. அதன் கதவு பெண்களுக்கும் திறந்தே இருக்கிறது.

முடிவுரை

ஜமீன்தார் வீட்டில் பிறந்து கூலியின் தோளில் அழகைக் கண்டவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. வங்கத்தில் பிறந்து தமிழகத்துக்கு அடையாளம் தந்தவர். அடுத்த முறை சுற்றுலாவாகச் சென்னைக்குச் செல்லும்போது, கடலைப் பார்க்க ஓடுமுன் அந்த நால்வர் முன்னே சிறிது நேரம் நிற்போம். சுண்டல் தாளை அந்த மேடைமீது போடாதிருப்போம். வடித்தவர் பெயரைத் தங்கை தம்பியருக்குச் சொல்லிக் கொடுப்போம். வீடு திரும்பியதும், பெயர் பொறிக்கப்படாமலே நமக்காகப் பாறை நகர்த்தும் பெற்றோரின் கைகளை நன்றியோடு பற்றிக்கொள்வோமாக!

வாழ்க உழைப்பு! வளர்க கலை!